அந்த 12 ஸ்ட்ரோக் எங்கே இருக்கிறது?

புதூர்நாடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. அக்கா உடனே தங்கச்சியின் ஹாஸ்டல் பாக்கியைக் கட்டிவிட்டாள். சாமை அறுத்துக் களத்துக்கு வந்தாயிற்று. இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை.

கடிதத்தோடு நீ வைத்திருந்த ஐந்து கோல்ஃப் ஸ்கோர் கார்டுகளையும் பார்த்தேன். 84, 79, 91, 83, 86. 'அடுத்த வருஷத்துக்குள் 72 அடித்துவிடுவேன், அப்புறம் பிஜிடிஐ தொழில்முறை டூரின் குவாலிஃபையிங் ஸ்கூலுக்குப் போவேன்' என்று எழுதியிருக்கிறாய். இந்த ஆசைக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். பெங்களூரில் உன்னைப் போலவே பை தூக்கி வளர்ந்த சி. முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார், அதுவும் பிளேஆஃபில். அவருக்கு முன்னால் 1991இலும் 1993இலும் அதே பட்டத்தை வாங்கிய அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கும் கேடியாக இருந்தவர். போனவர்கள் இருக்கிறார்கள், வழியும் இருக்கிறது.

என் கவலை வேறு. உன் சராசரி 84க்குச் சற்று மேலே நிற்கிறது. 72 என்றால் 12 ஸ்ட்ரோக் குறைய வேண்டும். அந்த 12 உன் ஆட்டத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. 'இன்னும் கஷ்டப்பட்டு பிராக்டிஸ் பண்ணுவேன்' என்று மட்டும் இருக்கிறது. எதை என்று தெரியாமல் படும் கஷ்டம் உடம்பை அலுக்க வைக்குமே தவிர, கார்டில் ஒன்றையும் மாற்றாது.

91 அடித்த கார்டையே எடுத்துக்கொள். 14ஆவது ஹோல், பார் 4, உன் ஸ்கோர் 8. போனில் கேட்டபோது 'டிரைவர் சொதப்பிடுச்சு மாமா' என்றாய். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன், நினைவிருக்கும். டிரைவ் வலது பக்கம் மரத்துக்குள் போனது. அங்கிருந்து இரண்டு மரத்துக்கு நடுவே தெரிந்த இடைவெளியில் கிரீனைப் பார்த்து அடித்தாய். பந்து அடிமரத்தில் மோதித் திரும்பியது. மூன்றாவதில் ஃபேர்வேக்கு எடுத்தாய். நான்காவது பங்கரில் விழுந்தது. ஐந்தாவதில் வெளியே வந்து கொடியிலிருந்து 40 அடி தள்ளி நின்றது. அப்புறம் மூன்று பட். இதில் டிரைவர் தின்றது ஒரு ஸ்ட்ரோக்தான். மரத்துக்கு நடுவே அடித்தது ஒன்று, பங்கரில் போட்டது ஒன்று, மூன்றாவது பட் ஒன்று. அந்த மரத்தடியில் நீ பை தூக்கும் மெம்பர் நின்றிருந்தால் 'சைடுல எடுத்துடுங்க சார்' என்று நீதானே சொல்லியிருப்பாய்? அடுத்தவர் பந்துக்கு உனக்கு இருக்கும் புத்தி உன் பந்துக்கு வேலை செய்யவில்லை. கார்டு அதைக் காட்டாது. கார்டில் 8 என்று ஒரே எண்தான்.

அதனால்தான் ஒரு நோட்டு வாங்கு என்கிறேன். போனில் ஆப் இருக்கிறது என்பாய். இருக்கட்டும், வேண்டுமானால் ரூமுக்கு வந்த பிறகு ஏற்றிக்கொள். பின் பாக்கெட்டில் நுழைகிற சின்ன நோட்டும் பென்சிலும்தான் மைதானத்தில் கைக்கு வரும். ஹோலுக்கு ஒரு வரி. டிரைவ் எங்கே விழுந்தது, அங்கிருந்து கிரீனைப் பார்த்து அடிக்க வழி இருந்ததா, கிரீனுக்கு அடித்த ஷாட் எத்தனை யார்டு, எந்தக் கிளப், எந்தப் பக்கம் தவறியது, முதல் பட் எத்தனை அடி, மொத்தம் எத்தனை பட், பெனால்டி உண்டா. கடைசியில் ஒரு குறி போடு: கை தவறியதா, முடிவு தவறியதா. அந்தக் கடைசிக் குறியை எந்த ஆப்பும் உனக்காகப் போடாது. போடும்போது பொய் சொல்லாதே. அந்த நோட்டை நீயும் நானும் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை.

எல்லோரும் எழுதுகிற மாதிரி 'ஃபேர்வே பிடித்தது 7, பட் 31' என்று வெறும் எண்ணிக்கையை எழுதி நிறுத்திவிடாதே. அது ஏமாற்றும். ஃபேர்வேயை ஒரு யார்டு தாண்டிப் புல்லில் நின்ற பந்தும் தவறல், வேலியைத் தாண்டி அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் போனதும் தவறல் என்று அந்தக் கணக்கு சொல்லும். இரண்டும் ஒன்றா? பட் எண்ணிக்கை இன்னும் மோசம். கிரீனைத் தவறவிட்டு, பக்கத்திலிருந்து சிப் பண்ணி 3 அடிக்குள் வைத்தால் ஒரே பட்டில் முடியும். நல்ல ஷாட் அடித்து 35 அடியில் கிரீனில் நிறுத்தினால் இரண்டு பட் ஆகும். முதல் ஹோலில் நீ பட்டிங்கில் கெட்டிக்காரன் போலவும் இரண்டாவதில் சுமார் போலவும் தெரியும். உண்மையில் நன்றாக ஆடியது இரண்டாவதில். அதனால்தான் முதல் பட்டின் தூரத்தைக் கட்டாயம் எழுதச் சொல்கிறேன். காலடி வைத்து அளப்பது நமக்குப் புதிதில்லையே.

அந்தத் தூரம் கையில் இருந்தால்தான் உன்னை நீ நியாயமாக எடைபோட முடியும். அமெரிக்காவின் பிஜிஏ டூர் ஆட்டக்காரர்கள், உலகத்திலேயே நன்றாக ஆடுகிறவர்கள், 3 அடியிலிருந்து 100க்கு 96 பட்டைக் குழிக்குள் போடுகிறார்கள். 8 அடிக்குப் போனால் பாதிக்குப் பாதி. 20 அடியில் 100க்கு 15தான். 12 அடி பட் போகவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு அடுத்த டீயில் ஆத்திரத்தோடு டிரைவரை வீசினாயே, அது வீண் ஆத்திரம். ஆனால் 3 அடியில் பத்துக்கு இரண்டு விடுகிறாய் என்று நோட்டு காட்டினால் அன்று சாயங்காலமே பட்டரைத் தூக்கிக்கொண்டு போ.

இந்தக் கணக்கையெல்லாம் உலகத்துக்குப் புரிய வைத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி. டூரில் லேசர் வைத்து அளந்து சேர்த்த ஷாட்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த இடத்திலிருந்து சராசரியாக எத்தனை ஸ்ட்ரோக்கில் ஹோல் முடியும் என்று கணக்குப் போட்டார். 160 யார்டில் நிற்கும் பந்துக்கு ஒரு சராசரி, 20 அடி பட்டுக்கு ஒரு சராசரி. ஒரு ஷாட்டுக்கு முன்னால் இருந்த சராசரியும் பின்னால் இருக்கும் சராசரியும் தெரிந்தால், அந்த ஷாட் லாபமா நஷ்டமா என்று தெரிந்துவிடும். 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்' என்று பெயர். 2011 முதல் டூரே இந்த முறையில் பட்டிங் கணக்கை வெளியிட்டு வருகிறது. 2014இல் அவர் புத்தகமும் வந்தது. பட்டிங்தான் காசு என்று கேடிகள் காலம் காலமாகச் சொல்வோம் இல்லையா? நல்ல ஆட்டக்காரனுக்கும் சுமாரான ஆட்டக்காரனுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு வெளியிலிருந்து அடிக்கும் ஷாட்களில்தான் வருகிறது என்று அவர் கணக்கு சொல்கிறது.

உடனே பட்டரை மூலையில் சாத்திவிட்டு ரேஞ்சுக்கு ஓடாதே. அது ஆயிரக்கணக்கான பேரின் சராசரி. நம் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கைப் பார். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில், உலக வரிசையில் 200ஆவது இடத்தில் இருந்தவர், அம்மா பை தூக்க, 67, 66, 68, 68 அடித்து நான்காவதாக வந்தார். வெள்ளிக்கான பிளேஆஃபுக்கும் அவருக்கும் நடுவே ஒரே ஒரு ஸ்ட்ரோக். டிரைவ் தூரத்தில் அங்கே பெரும்பாலோர் அவரைத் தாண்டி அடித்தார்கள். அவரை நாலு நாளும் மேலே வைத்திருந்தது பட்டர். அவர் பலம் அங்கே. உன் பலம் எங்கே, ஓட்டை எங்கே என்பதை பிராடியும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. உன் நோட்டு சொல்லும்.

அதுவும் ஒரு ரவுண்டில் சொல்லாது. இதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம், நம் மலையிலேயே இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தில் 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே வருவதைப் பார்க்க 1 மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே நட்சத்திர வெளிச்சம் சில விநாடி மங்கித் திரும்பியது. ஏதோ மேகம் என்று விட்டுவிடாமல் அதைப் பதிவில் வைத்தார்கள். ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த ஒரு மங்கலை வைத்து, அது யுரேனஸுக்கு இன்னொரு நிலாவாக இருக்கும் என்று எழுதினார்கள். அதே இரவில் விமானத்தில் தொலைநோக்கி வைத்து இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்கக் குழுவின் பதிவில், கோளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜோடி ஜோடியாக மங்கல்கள் இருந்தன. எல்லாப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் அது நிலா இல்லை, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் என்று தெரிந்தது. கண்ணில் பட்டதை அப்படியே எழுதி வைத்ததால் காவலூர்ப் பதிவும் அந்தக் கண்டுபிடிப்பில் சேர்ந்தது. ஆனால் ஒரு மங்கலுக்கு அர்த்தம் சொல்ல ஒரு பதிவு போதவில்லை.

உனக்கும் அதையே சொல்கிறேன். நீ ஆடுகிற ஒரு திங்கட்கிழமை மூன்று தடவை மூன்று பட் போட்டால் பட்டரை மாற்றாதே, கிரிப்பை மாற்றாதே. எழுதி வைத்துவிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போ. 2020 முதல் உலகம் முழுக்க வந்த ஹேண்டிகேப் முறையும் கடைசி 20 ரவுண்டைப் பார்க்கிறது, அதில் நல்ல 8ஐ எடுத்துக்கொள்கிறது. கவனி, அது உன் நல்ல நாட்களின் கணக்கு. உன்னால் எவ்வளவு முடியும் என்று ஹேண்டிகேப் சொல்லும். வழக்கமாக என்ன நடக்கிறது என்று அறிய மீதி 12 ரவுண்டும் வேண்டும். 91 அடித்த அன்று காய்ச்சல் என்று சொல்லி அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதே.

இன்னொன்று. உன் மெம்பரின் செவன் அயர்ன் எத்தனை யார்டு போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். உன் செவன் அயர்ன்? நீ வைத்திருப்பது நாலு பேர் கொடுத்த நாலு விதமான கிளப்கள். ஷாஃப்ட் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஒவ்வொரு கிளப்பிலும் இருபது பந்து அடித்து, நன்றாகப் பட்டதை மட்டும் பார்க்காமல், இருபதும் எங்கே விழுந்தது என்று எழுது. நடுவில் விழுவதுதான் உன் தூரம். மைதானத்தின் பெயரையும் குறித்துக்கொள். உயரம் கூடினால் பந்து அதிகம் பறக்கும். ஊட்டியில் போன தூரம் கிண்டியில் போகாது.

இலக்குக்கு வருகிறேன். 72 என்பது போய்ச் சேர வேண்டிய இடம். அதைச் சுவரில் ஒட்டி வை, தினமும் அதோடு சண்டை போடாதே. காற்றும் கிரீனும் கொடி வைத்த இடமும் சேர்ந்துதான் ஸ்கோர். அடுத்த மூன்று மாதத்துக்கு உன் கையில் இருப்பதை மட்டும் இலக்காக வை. உன் ஐந்து கார்டையும் போனில் நீ சொன்னதையும் வைத்துப் பார்த்தால், டபுள் போகியும் அதற்கு மேலும்தான் உன்னைக் கவிழ்க்கிறது. பர்டி குறைவாக இருப்பது இப்போதைக்கு உன் நோய் இல்லை. ஆகவே முதல் இலக்கு: மரத்துக்குள் போன பந்தை எப்போதும் முதலில் ஃபேர்வேக்கு எடுப்பது. இதற்குத் திறமை வேண்டாம், அடக்கம் போதும். நோட்டில் 'முடிவு தவறு' என்ற குறி ரவுண்டுக்கு ஒன்றுக்கு மேல் வரக்கூடாது. இரண்டாவது, 30 அடிக்கு மேற்பட்ட பட்டை 3 அடி வட்டத்துக்குள் கொண்டு நிறுத்துவது. பத்தில் எத்தனை நிற்கிறது என்று இன்று அளந்து பார். ஐந்து என்றால் மூன்று மாதத்தில் ஏழு ஆகட்டும். இந்த இரண்டும் நடந்தால் ஸ்விங்கைத் தொடாமலே 80க்குக் கீழே வந்துவிடுவாய் என்பது என் நம்பிக்கை. மூன்றாவது இலக்கை அப்புறம் நோட்டைப் பார்த்து முடிவு செய்வோம். ஒரே நேரத்தில் ஏழு எட்டு இலக்கு வைத்துக்கொள்ளாதே.

நேரமில்லை என்று சொல்வாய். காலையில் பை எடுக்கும் முன் அரை மணி கிடைக்கும், இரண்டு பந்தும் பட்டரும் போதும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பட்டரைக் கொண்டுவா. சாணம் மெழுகிய நம் களத்தில், காய்ந்தபின், பந்து கிரீனைவிட வேகமாக ஓடும். தூரம் பழக அது உதவாது. ஆனால் 3 அடியில் கோடு போட்டு நேராக உருட்ட அதைவிட நல்ல தரை கிடையாது. பட்டரின் முகம் லேசாகத் திரும்பினாலும் பந்து காட்டிக்கொடுத்துவிடும். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை எழுதுவாள், கணக்கில் அவள் கெட்டிக்காரி.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் ஆடப் போகிறேன் என்ற பேச்சை மட்டும் இப்போது எடுக்காதே. 20 ரவுண்டின் சராசரி 75க்குக் கீழே வரட்டும். அன்றைக்கு நானே அக்காவிடம் பேசுகிறேன், என்ட்ரி ஃபீஸுக்கும் வழி பார்க்கிறேன். அதுவரை கூலியையும் டிப்ஸையும் விடாதே.

இந்தத் திங்கட்கிழமை ரவுண்டிலிருந்தே எழுதத் தொடங்கு. ரவுண்டு முடிந்த அன்று ராத்திரியே பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பு. மலை மேலே சிக்னல் வந்து போகும், ஆனாலும் பார்த்துவிடுவேன். நன்றாக ஆடிய நாளையும் அனுப்பு, கெட்ட நாளை முதலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் மாமா