வலியில்லாத பகை

தோட்டப் பாட்டாளிகளே! விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டும் உங்களுக்கு, வெட்டுக்கோட்டில் வழியும் பால் சிறிது நேரத்தில் தானே உறைந்து நின்றுவிடும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் இரத்தக் குழாய்களிலும் இத்தகைய உறைவு ஏற்படுவதுண்டு. குழாயின் உட்சுவரில் பல ஆண்டுகளாகப் படிந்த கொழுப்பு வெடிக்கும்போது, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. இதயக் குழாய் அடைபட்டால் மாரடைப்பு. மூளைக் குழாய் அடைபட்டால் பக்கவாதம்.

குழாய்களைக் கெடுப்பவை நான்கு: இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, மிகுந்த கொழுப்பு, புகைபிடித்தல். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 29 பேருக்கு இரத்தக் கொதிப்பும், 33 பேருக்கு மிகுந்த கொழுப்பும், ஏறக்குறைய 16 பேருக்கு நீரிழிவும் உண்டு. இவற்றுள் இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலிப்பதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இங்குதான் பலர் தவறு செய்கின்றனர். "மாத்திரை உண்டேன், தலைச்சுற்றல் நின்றது, இனி எதற்கு?" என்று தாமே நிறுத்திவிடுகின்றனர். மாத்திரை உண்ணும் வரையில்தான் அழுத்தம் அடங்கியிருக்கும். நிறுத்தினால் ஓசையின்றி மீண்டும் ஏறும். மாத்திரையால் இருமலோ கால் வீக்கமோ தோன்றினால், அதனை மருத்துவரிடம் கூறுங்கள். அவர் வேறு மருந்து தருவார்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான். அரசாங்க உதவித் தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதை எட்டியோருக்கு, 2019இல் தொடங்கிய 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனையும் உண்டு. அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பு புகையும் காப்பியும் வேண்டா. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருங்கள். வீட்டில் எஞ்சியுள்ள மாத்திரைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். மருத்துவர் வயது, அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணித்தே மருந்தை முடிவு செய்வார்.

உணவிலும் கவனம் தேவை. ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே நம் மக்களின் கைவண்ணத்தால் நாடெங்கும் புகழ்பெற்றது. அதனை அறவே விலக்கச் சொல்லவில்லை. ஆனால் அதில் சேரும் உப்பும் கணக்கில் வரும். கருவாடு, ஊறுகாய் உட்பட, நாளொன்றுக்கு ஒரு சிறு தேக்கரண்டி உப்புக்குக் குறைவாகவே, அதாவது 5 கிராமுக்குள்ளாகவே, உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

நெஞ்சில் பாரம், கைக்குப் பரவும் வலி, திடீரென முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை தோன்றினால், தைலம் தேய்த்துக் காத்திராமல் உடனே 999 எண்ணை அழையுங்கள்.

இம்மாதப் பாடம் ஒன்றே. உங்கள் இரத்த அழுத்தம் எவ்வளவு? கிளினிக்கில் அது 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டினால், மறுமுறை எப்பொழுது அளக்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்த நாளில் தவறாது செல்லுங்கள். குடும்பத்தைக் காக்கும் கடமையில் இதுவும் ஒன்று.