பி7இல் வந்து நின்ற அமைச்சர்

இரண்டாம் ஆண்டில், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. என்னிடம் ஓர் அரசி கூடுதலாக இருந்தது. எதிராளி விடாமல் செக் வைத்துக்கொண்டிருந்தார். அரசனை முன்னும் பின்னும் நகர்த்தியிருந்தால் சமநிலை. அந்த அரைப் புள்ளியே எங்கள் குழுவுக்குப் பதக்கம் தந்திருக்கும். அரசியை வைத்துக்கொண்டு சமநிலையா என்று வேறு கட்டத்துக்குப் போனேன். இரண்டே நகர்த்தலில் மேட். திரும்பும் வழியில் பேருந்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதன் பிறகே, 1872இல் வியன்னாவில் ஹாம்பேயும் மைட்னரும் ஆடிய ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் படித்தேன். (கறுப்பில் ஆடிய பிலிப் மைட்னர், அணுக்கருப் பிளவை விளக்கியவர்களுள் ஒருவரான லீசே மைட்னரின் தந்தை. அறிவியல் புல நண்பர்களுக்காக இத்தகவல்!)

இரண்டாம் நகர்த்தலில் வெள்ளைக் குதிரை சி3க்கு வரும் இத்தொடக்கத்தை 'வியன்னா ஆட்டம்' என்பர். அடுத்து அதே குதிரை ஏ4க்குப் போய்க் கறுப்பு அமைச்சரை மிரட்டியது. அமைச்சர் பின்வாங்கவில்லை, எஃப்2 சிப்பாயை வெட்டிச் செக் வைத்தார். அரசன் அவரை வெட்ட, அரசி எச்4இல் வந்து நின்றாள். துரத்தல் தொடங்கிவிட்டது. ஒன்பதாம் நகர்த்தலில் கறுப்பு தன் அரசியையே ஒரு குதிரைக்காகக் கொடுத்தது. பதினாறாம் நகர்த்தலில் வெள்ளை அரசன் சி6இல், எதிரியின் வீட்டு வாசலில். கறுப்பிடம் மிஞ்சியவை சிப்பாய்கள், இரு கோட்டைகள், ஓர் அமைச்சர் மட்டுமே. வெள்ளையிடமோ அரசி, இரு கோட்டைகள், அமைச்சர், குதிரை.

இப்போது கறுப்பு அமைச்சர் பி7இல் செக் வைக்கிறார், காவலே இல்லாமல். வெட்டலாமா? வெட்டினால் கறுப்பு அரசன் டி7க்கு ஒதுங்குவான். அடுத்து எச்8 கோட்டை பி8க்கு வந்தால் மேட். இடையில் வெள்ளை அரசி ஜி4இலிருந்து ஒரு செக் வைக்கலாம். அரசன் டி6க்குப் போய்விடுவான், அவ்வளவுதான். ஆகவே வெள்ளை அரசன் பி5க்குத் திரும்புகிறான். அமைச்சர் ஏ6இல் மறுபடி செக்.

நானாக இருந்தால் இங்கே ஏ4க்குத்தான் ஓடியிருப்பேன். அமைச்சர் சி4க்கு வருவார். பிறகு பி6 சிப்பாய் ஓரடி வைத்தாலே மேட், தடுக்க வழியில்லை. ஹாம்பே ஓடவில்லை. சி6க்கே திரும்பினார். அமைச்சர் மீண்டும் பி7. பதினெட்டாம் நகர்த்தலில் சமநிலை.

மன்றத்தின் சதுரங்கப் பயிற்சிக்கு வரும் முதலாமாண்டு மாணவர்கள்முன் இந்த நிலையை வைத்துக் கேட்பேன். பெரும்பாலோர் பி7 அமைச்சரை உடனே வெட்டச் சொல்வார்கள். நான் எச்8 கோட்டையை எடுத்து வைப்பேன்.