நாற்பதுக்குப் பின்னும் மாணவர்தாம்

துடியலூரில் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின்னும் ஒருவர் தூணோரம் நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் லேத் பட்டறையில் உழைத்தவர்.

"ஏனுங்க ஹஜ்ரத், எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியாதுங்க. பேரன் ஓதறான். இந்த வயசுல எனக்கு நாக்குத் திரும்புமுங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அந்தக் கேள்வி என்னையும் சிந்திக்க வைத்தது. ஸனது பெற்று வந்த புதிதில் எந்த மஸ்அலா கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிடுவேன். முப்பத்தைந்தைத் தாண்டிய இப்போதுதான், "கிதாபு பார்த்துச் சொல்கிறேன் பாய்" என்று சொல்ல நாக்கு வருகிறது. அன்று அறிவு என்று நான் எண்ணியதில் பாதி, பெருமை!

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! அஹ்காஃப் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் நாற்பது வயதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த வயதை அடைந்த நல்லடியார், தமக்கும் தம் பெற்றோருக்கும் கிடைத்த அருளுக்கு நன்றி செலுத்தவும், தம் மக்கள் சீர்பெறவும் இறைவனிடம் வேண்டுகிறார், தவ்பாவும் செய்கிறார். பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருசேர நினைத்துத் தன்னை எடை போடும் பருவம் அது. இருபதில் அந்தப் பார்வை எளிதில் வருவதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பாருங்கள். 1091இல், முப்பத்து மூன்று வயதளவில், பக்தாது நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியரானார்கள். நான்காண்டுகளில் தம் நிய்யத்தையே சோதித்தார்கள். அதில் புகழாசை கலந்திருக்கக் கண்டார்கள். பாடம் நடத்த நா எழவில்லை. 1095இல் பதவியைத் துறந்து வெளியேறினார்கள். இஹ்யா உலூமித்தீன் உருவானது அதன் பிறகே. 1106இல் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்தினார்கள்; ஆனால் முன்பு புகழைத் தேடித்தரும் கல்வியைப் போதித்ததாகவும், இப்போது புகழைத் துறக்கச் செய்யும் கல்வியைப் போதிப்பதாகவும் தாமே எழுதினார்கள். அதே ஆசிரியர், நோக்கம் வேறு.

தலைமைக்கு வருமுன் கற்றுக்கொள்ளுமாறு உமர் (ரலி) அறிவுறுத்தினார்கள். அதைப் பதிவு செய்த இமாம் புகாரி (ரஹ்), தலைமைக்கு வந்த பின்னும் கற்க வேண்டும் என்று சேர்த்து, ஸஹாபாக்கள் முதிர்ந்த வயதிலும் கற்றதை நினைவூட்டுகிறார்கள்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. மௌலானா ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் தமிழ்த் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பின் முதல் பகுதி 1929இல் வெளிவந்தது. முழுவதும் வெளிவந்தது 1949இல். இடையில் இருபது ஆண்டுகள்!

ஆகவே, இளமை சேர்த்துக்கொள்ளும். நடுவயது சேர்த்ததைச் சோதிக்கும். முதுமைக்குத் தேவையானது வெட்கத்தை விடும் துணிவு. சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்று நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியிருக்க, நாம் ஏன் கூச வேண்டும்?

மறுநாளே அந்தப் பெரியவர் அலிஃப், பே தொடங்கினார். 'ஐன்' எழுத்தில் இன்றும் தடுமாறுகிறார். வீட்டில் பேரன் திருத்துகிறானாம்; சிரித்துக்கொண்டே திரும்பவும் ஓதுகிறாராம்.

உங்கள் வீட்டிலும் அத்தாவோ அம்மாவோ கேட்கத் தயங்கி இருக்கக்கூடும். இன்றிரவு நீங்களே அருகில் அமர்ந்து ஓர் எழுத்தைத் தொடங்கி வையுங்கள். நம்மை நாமே அறிந்து, இறுதி மூச்சுவரை கற்கும் நஸீபை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.