பாட்டு வாத்தியார் பாக்

கேள்வி: பெரிய கலைஞர்கள் என்றாலே வீட்டைக் கவனிக்காதவர்கள்தானா? உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் ஒருவராவது உண்டா?

பதில்: ஏன் இல்லை? ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக் இருக்கிறாரே! 1723-இல் லைப்சிக் போனவர், 1750-இல் சாகும்வரை அங்கேதான் வேலை பார்த்தார். ஆரம்ப வருடங்களில் தேவாலயத்துக்கு ஏறக்குறைய வாரம் ஒரு புதிய இசைக்கோவை. போதாததற்குப் பள்ளிப் பையன்களுக்குப் பாட்டு வாத்தியார். இரு தாரங்களுக்கும் சேர்த்து 20 பிள்ளைகள், பிழைத்து ஆளானவர்கள் 10 பேர். லைப்சிக் வருமுன், 1720-இல் தான் வேலை பார்த்த இளவரசருடன் வெளியூர் போய்த் திரும்பியபோது, முதல் மனைவியை அடக்கமே செய்துவிட்டிருந்தார்கள்.

அதே வருடம் ஒன்பது வயது மூத்த மகனுக்காக ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினார். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று அதில் எண் போட்டே காட்டியிருக்கிறார். எனக்கு அவருடைய பெரிய படைப்புகளைவிட இந்த நோட்டு மேல் ஆசை அதிகம்.

1730-இல் பழைய நண்பருக்கு எழுதிய கடிதம் இன்னும் ருசி. ஊரில் காற்று நன்றாக இருந்ததால் சாவு குறைந்து, இறுதிச் சடங்கு வரும்படியில் 100 தாலருக்கு மேல் போச்சு என்று அங்கலாய்க்கிறார். (புரோகிதருக்கும் பாடகருக்கும் எந்த ஊரிலும் இதே கவலைதான்!) கையோடு, என் வீட்டு ஆட்களை வைத்தே ஒரு கச்சேரி நடத்திவிடலாம், மனைவி நன்றாகவே பாடுவாள் என்று பெருமையும் அடித்துக்கொள்கிறார்.