நீராற் குளிரும் கணினிக்கு றேடியேற்றர் தெரிதல்

கணினியானது உட்கொள்ளும் மின்சத்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ9-14900கே என்னும் மத்திய முறைவழி அலகு, தன் வேகத்தின் உச்சியில் 253 உவாற்று வலுவை உண்ணும். 2022இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்சு 4090 கிராபிக்ஸ் அட்டைக்கு 450 உவாற்று வேண்டும். இரண்டுஞ் சேர 703 உவாற்று. முன்னாளில் நாம் எரித்த 100 உவாற்று இழைக்குமிழ்கள் ஏழினை ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்து எரிப்பதற்கு இஃது ஒப்பாகும்.

இவ்வெப்பத்தை நீர் சுமந்து செல்ல, அதனை வாங்கி வெளிக்காற்றிடம் ஒப்படைக்குங் கருவியே றேடியேற்றர். மேல்வகுப்பு மாணவர் சிலர் கணினியைத் தாமே பொருத்தியமைக்கத் தொடங்கியுள்ளனர். கடல் கடந்த தமையன்மார் அனுப்பும் பணத்திலேயே பெரும்பாலும் இவ்வேலை நடைபெறுகின்றது. பொருந்தாத ஒன்றை வருவித்துவிட்டால் திருப்பியனுப்புஞ் செலவு பொருளின் விலையை எட்டிவிடும். ஆதலின் வாங்குமுன் ஆராய்தல் வேண்டும்.

தமிழாசிரியனுக்கு இதில் யாது வேலை என்பார்க்கு, பெயரிலிருந்தே தொடங்குவாம். றேடியேற்றர் என்பது கதிர்வீசுவது என்னும் பொருள்பட வந்த காரணப்பெயர். ஆயின் அக்காரணம் இங்கே பொருந்துமாறில்லை. வெப்பஞ் செல்லும் வழி கடத்தல், உடன்காவுகை, கதிர்வீசல் என மூன்று. மூன்று விசிறி தாங்கும் றேடியேற்றரொன்று சூழ்காற்றினும் 10 பாகை கூடுதலாகச் சூடேறியிருக்கையில், கதிர்வீசலால் இழக்கும் வெப்பம் 10 உவாற்றைத் தாண்டாது. எஞ்சியது முழுவதையும் அதனூடு செல்லுங் காற்றே வாரிக்கொண்டு போகின்றது. 1901ஆம் ஆண்டின் மெர்சிடிசு மோட்டார் வண்டிக்கு வில்லெம் மைபாக்கு என்பார் தேன்கூடு போன்றதொரு றேடியேற்றரை அமைத்தபோது, 8,070 சிறு குழாய்களை அடுக்கியமைத்தது காற்றுப்படும் பரப்பைப் பெருக்குதற்கேயாம். பெயர் எதுவாயினும், நாம் நோக்கவேண்டுவன பரப்பும் காற்றோட்டமுமே.

றேடியேற்றரின் அளவு விசிறியின் அளவையொட்டிச் சொல்லப்படும். 120 மில்லிமீற்றர் விசிறி இரண்டு கொள்வது 240. மூன்று கொள்வது 360. 140 மில்லிமீற்றர் விசிறியாயின் முறையே 280, 420. 280 என்பது 240ஐவிடச் சிறிதே பெரிதெனத் தோன்றும். பெருக்கிப் பார்த்தால் முன்னதன் முகப்பரப்பு 392 சதுர சதமமீற்றர், பின்னது 288. நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு மிகுதி. 360இன் பரப்போ 432 மாத்திரமே. பெட்டியில் 360 கொள்ள இடமில்லாதார் 280ஐ நாடுதல் நன்று. கைப்பழக்கமுடையோர் அமைதியான விசிறியுடன் 120 மில்லிமீற்றர்ப் பகுதியொன்றுக்கு ஏறத்தாழ 100 உவாற்று என்று கணக்கிடுவர். அவ்வழி நோக்கின் மேற்சொன்ன 703 உவாற்றுக்கு 360 இரண்டுடன் 120 ஒன்றும் வேண்டும்.

பெட்டியை அளக்கும்போது ஏமாறுதல் எளிது. 360 என்பது விசிறிகளின் நீளமே. இருமுனையிலுமுள்ள நீர்த்தொட்டிகளுஞ் சேர றேடியேற்றர் ஏறத்தாழ 400 மில்லிமீற்றர் நீளும். கனம் 30 மில்லிமீற்றராயின் விசிறியின் 25 உஞ் சேர 55 ஆகும். கனமானதே சிறந்ததென்பது முழுதும் உண்மையன்று. முன்வரிசையிற் சூடேறிய காற்றே பின்வரிசைக்குச் செல்வதால், கனத்தை இரட்டித்தாற் பயன் இரட்டியாது. செட்டைத் தகடுகள் நெருங்கியிருப்பின் அமுக்கம் மிக்க விசிறியும் இரைச்சலுந் தவிர்க்கவொண்ணாதவை. அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தகடு கொண்டதே வீட்டுக்கேற்றது என்பது என் கருத்து; உப்புங் கலந்த நம்மூர்த் தூசியும் அதில் விரைவில் அடையாது.

நீர் எவ்வுறுப்பை முதலிற் கடப்பது என்று சிலர் நெடிது வாதிடுவர். கணக்குச் செய்து பார்க்க. நிமிடத்துக்கு 4 லீற்றர் ஓடும் நீர் 703 உவாற்றையும் ஏற்கும்போது இரண்டரைப் பாகை அளவே சூடேறும். ஆதலின் ஒழுங்கு எவ்வாறிருப்பினும் பெரிய வேறுபாடில்லை. நீர் அறைக்காற்றினுங் குளிராது என்பதே மறக்கலாகாதது. குளிர்நாட்டுப் பரிசோதனையாளர் 20 பாகை அறையில் அளந்து 30 என்று எழுதுவர். 32 பாகையிலுள்ள நம் அறையில் அதே கருவி 42 காட்டும். அதற்குக் கருவியைப் பழித்தல் தகாது.

எல்லாவற்றினும் பெரிதாவது உலோகம். நீர்த்தொகுதியின் அடித்தட்டு பெரும்பாலுஞ் செம்பு. அதே நீரில் அலுமினிய றேடியேற்றரைச் சேர்த்தால், இரண்டும் ஒரு மின்கலத்தின் இரு முனைகள் போலாகி அலுமினியம் அரிக்கப்படும். சில மாதங்களில் நீர் கலங்கி, குறுங்கால்வாய்கள் அடைபட, ஈற்றிற் கசிவும் உண்டாகலாம். கசிந்த நீர் விழுவது விலைமிக்க அட்டையின் மேலன்றோ? செம்பும் பித்தளையுங் கொண்டு செய்ததையே கேட்டு வாங்குக. தொழிற்சாலையில் மூடி முத்திரையிட்டு வருவனவற்றுட் பல அலுமினியமாயிருத்தல் உண்மையே. அவற்றில் அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த திரவம் முன்னரே நிரப்பப்பட்டுள்ளது. அவற்றைத் திறந்து வெறுநீர் வார்ப்பதே பிழை.

மத்திய அலகு ஒன்றையே குளிர்விக்க விரும்புவார், அதன் வலு 150 உவாற்றளவாயின், நல்லதொரு காற்றுக்குளிர்த்தியோடு அமைதலே போதும். விலையுங் குறைவு, பம்பி பழுதாகுமென்னும் அச்சமும் இல்லை. விளையாட்டு, திரைப்படத் தொகுப்பு முதலியவற்றுக்காகப் பெரிய அட்டை பூட்டுவோர்க்கே இவ்வாராய்ச்சி முழுதும் வேண்டுவது.

25 மில்லிமீற்றர் விசிறியைப் பூட்ட 30 மில்லிமீற்றர்த் திருகாணி அமையும். அதனின் நீண்டது உள்ளே சென்று நீர்க்குழாயைத் துளைத்துவிடும்; ஆதலால் உடன்வந்த திருகாணியையே கையாளுக. புதிய றேடியேற்றருள் பற்றவைத்தபோது தங்கிய இளக்கியின் எச்சம் இருக்கும். சூடாக்கிய காய்ச்சி வடித்த நீரை அரைவாசி நிரப்பிக் குலுக்கி ஊற்றுக. ஊற்றிய நீர் தெளியும்வரை திரும்பச் செய்க. கிணற்று நீர் ஆகாது. சுண்ணக்கல் நிலத்து நீர் கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிவதை வீட்டிலேயே காணலாம்; அப்படிவு மயிரளவான கால்வாய்களில் ஏறினால் அகற்றுதல் அரிது. நிரப்பியபின், கணினியின் ஏனைய உறுப்புகளுக்கு மின்கொடாது பம்பியை மாத்திரம் ஒரு நாள் முழுதும் ஓடவிட்டு, பொருத்துக்கள்தோறும் வெள்ளைக் கடதாசி சுற்றி ஈரம் ஊறுகின்றதாவெனப் பார்த்துக்கொள்க.