ஊசிக்கு மூத்தது நெருப்பு

காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய பௌத்தத் துறவி போதிதர்மர் நம் வர்மக்கலையைச் சீனாவுக்குக் கொண்டுபோனார், அதுதான் அங்கே அக்குபஞ்சர் ஆனது என்று நம்மூரில் ஒரு கதை உலவுகிறது. 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இதைச் சந்தேகிப்பவரை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கதை இனிக்கிறது, காலக்கணக்குதான் இடிக்கிறது. போதிதர்மர் கி.பி. ஐந்து, ஆறாம் நூற்றாண்டுக்காரர். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது. தென்னிந்திய அரசகுமாரர் என்பது வேறொரு குறிப்பு. எது சரியானாலும், அவர் போய்ச் சேர்வதற்கு அறுநூறு ஆண்டுக்கு முன்பே அங்கே உடம்பின் நாளங்களைப் பற்றி எழுதி வைத்துவிட்டார்கள்.

அதற்குச் சாட்சி ஒரு கல்லறை. ஹுனான் மாகாணத்து சாங்ஷா நகரில், மாவாங்துயி என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973இல் திறந்தார்கள். உள்ளே பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் கிடைத்தன. கையிலும் காலிலும் ஓடும் பதினொரு நாளங்கள், எது கெட்டால் என்ன நோய் என்று வரிசையாக இருக்கிறது. வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: அந்த நாளத்தின் மேல் சூடு வை. நாளங்களைச் சொல்லும் அந்த ஏடுகளில் ஊசி கிடையாது. இன்று சுவர்ப்படங்களில் நூற்றுக்கணக்கில் குறித்து வைத்திருக்கும் புள்ளிகளும் கிடையாது.

இன்று மாக்ஸா என்று அழைக்கப்படுவது இந்தச் சூட்டு வைத்தியம்தான். நம் மாசிப்பத்திரிக்கு உறவான ஒரு செடியின் இலையைக் காயவைத்து, பஞ்சாகும்வரை கசக்கி, சிறு உருண்டையாகத் தோலின் மேலேயே வைத்தோ, சுருட்டித் தோலுக்கு அருகே காட்டியோ கொளுத்துவார்கள். ஊசிக்கு எடுபிடியாக இன்று நிற்கும் இது, கிடைத்திருக்கும் ஏடுகளின்படி ஊசிக்கு மூத்தது.

"ஐயாயிரம் ஆண்டாக மாறாத வைத்தியம்" என்பது அடுத்த நம்பிக்கை. மஞ்சள் பேரரசர் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ நூலைக் காட்டி இதைச் சொல்வார்கள். பேரரசர் புராண புருஷர். நூல் ஹான் வம்சக் காலத்துத் தொகுப்பு. அதில் நாளங்கள் பன்னிரண்டாகின்றன, ஊசி முன்னுக்கு வருகிறது. ஆனால் அதில் சொல்லும் ஒன்பது வகை ஊசிகளில் சீழை வெளியேற்றும் வாள் போன்ற கருவியும் ஒன்று. இரத்தம் எடுப்பதும் அந்த வைத்தியத்தில் சேர்த்தி. வலி தெரியாத மயிரிழை ஊசி மட்டுமே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வைத்தியம் அதுவல்ல.

பிறகு வந்த அரசர்கள் எல்லாரும் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. 1822இல் தாவ்குவாங் பேரரசர், மன்னர் மேனியில் குத்துவதும் சுடுவதும் தகாது என்று அரண்மனை மருத்துவ நிலையத்தில் இந்தப் பிரிவையே மூடினார். இப்போதைய உருவம் 1930களில் செங் தான்ஆன் என்ற வைத்தியர் கைப்பட்டு வந்தது. அவர் நவீன உடற்கூறியலைப் படித்து, இரத்தக்குழாய்களை விட்டு விலகிப் புள்ளிகளைத் திருத்தினார். மெல்லிய ஊசிகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1951இல் சூ லியான் என்ற கம்யூனிஸ்ட் மருத்துவர் எழுதிய பாடநூல் நரம்பு மண்டலத்தை வைத்து இதை விளக்கியது. டாக்டர்கள் போதாத நாட்டில் மா சேதுங் இதை வளர்த்தார். தனக்கென்று வரும்போது சீன வைத்தியத்தை அவர் நாடவில்லை என்று அவருடைய மருத்துவர் லி சூசுய் பின்னாளில் எழுதினார்.

"மயக்க மருந்தே இல்லாமல், ஊசி குத்தி ஆபரேஷன் செய்தார்கள், அமெரிக்கப் பத்திரிகையாளரே எழுதியிருக்கிறார்" என்பதை இன்றும் கேட்கிறோம். அவர் நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன். 1971 ஜூலையில் பெய்ஜிங்கில் அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. மரத்துப்போக வழக்கமான மருந்தைத்தான் செலுத்தினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். மறுநாள் இரவு வயிறு உப்பி வலித்தபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி போட்டு, வயிற்றருகே மாக்ஸாவைக் கொளுத்திக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போனார். அதற்குள் கதையில் ஊசியே மயக்க மருந்தாகிவிட்டது. மாக்ஸாவை யாரும் நினைவில் வைக்கவில்லை.

சரி, வலி குறைகிறதா? ஓரளவு குறைகிறது. ஆனால் சரியான புள்ளி முக்கியமா என்று கேட்டால் சங்கடம். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கும், புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம் பேருக்கும் நல்ல பலன். வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்தான். ஊசிக்காரர்களும் அவர்களை எதிர்ப்பவர்களும் ஆளுக்கொரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், குத்துவதும் கவனித்துப் பார்த்துக்கொள்வதும் ஏதோ செய்கின்றன. எங்கே குத்துகிறோம் என்பது பெரிதாக எதுவும் செய்யவில்லை.

"மாக்ஸா இலைக்கு நோபல் பரிசே கிடைத்தது" என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தூ யூயூ 2015இல் பரிசு பெற்ற மலேரியா மருந்து வந்தது இதே இனத்து வேறொரு செடியிலிருந்து. அந்த மருந்தை யாரும் கொளுத்தவில்லை.

கருவில் தலை மேலாக இருக்கும் குழந்தையை மாக்ஸா திருப்பும் என்பதை அவ்வளவு எளிதாகத் தள்ளமுடியாது. தாயின் கால் சுண்டுவிரல் நகத்தின் வெளியோரம் சூடு காட்டுவார்கள். 1998இல் வெளியான சீன ஆய்வில், 35ஆம் வாரத்தில் 130 பேரில் 98 பேருக்குத் தலை திரும்பியிருந்தது. சூடு காட்டாத 130 பேரில் 62 பேருக்கு அது தானாகவே திரும்பியிருந்தது. அதே ஆய்வாளர் இத்தாலியில் முயன்றபோது பல பெண்கள் நடுவில் விட்டுவிட்டதால் ஆய்வு பாதியில் நின்றது. திரும்பியதா என்று ஸ்கேன் பார்த்துத்தான் சொல்லமுடியும். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கவேண்டும்.

"பக்கவிளைவே இல்லை" என்பது மட்டும் உயிரோடு விளையாடுவது. மார்பில் ஆழக் குத்திய ஊசி நுரையீரலைத் துளைத்ததுண்டு. ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டு மஞ்சள்காமாலை பரவியதுண்டு. உறை பிரிக்காத புது ஊசியா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் மாக்ஸா பக்கம் போகவேண்டாம்; தோல் வெந்தபிறகும் அவர்களுக்குச் சூடு தெரியாது.