ஆறும் தேறியது, அம்மாவும் தேறுவாள்



கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து கோயிலுக்கு நடந்து போயிருப்பீர்கள். அதற்குப் பிறகு எப்போது சேர்ந்து நடந்தீர்கள்? "நேரம் எங்கேங்க இருக்கு? வயக்காடு, மாடு, பிள்ளைங்க..." என்பாள் அம்மா. ஐயாவின் பதிலும் அதுவேதான்.

இந்தப் பாடம் குடும்பத்தோடு நடப்பது பற்றியது. அதற்காகத் தொலைதூரத்து ஆறு ஒன்றின் கதையைச் சொல்கிறோம். "அந்த ஊர்க் கதை நமக்கெதுக்கு?" என்று மடித்து வைத்துவிடாதீர்கள். கடைசிவரை படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தீப்பிடித்த ஆறு

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் குயஹோகா என்று ஓர் ஆறு. ஆக்ரன், கிளீவ்லாண்ட் என்னும் தொழில் நகரங்களின் வழியாக ஓடி ஈரி ஏரியில் கலக்கிறது. ஆலை எண்ணெயையும் கழிவையும் ஊர்ச் சாக்கடையையும் பல ஆண்டுகள் அதில் விட்டார்கள். மீன்கள் செத்தன. 1969 ஜூன் 22-ஆம் தேதி கிளீவ்லாண்டில், ஆற்றின் மேல் மிதந்த எண்ணெய் தீப்பிடித்து எரிந்தது. அதுவும் முதல் தடவை அல்ல!

பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 1972-ல் தூய நீர்ச் சட்டம் வந்தது. 1974-ல் இரு நகரங்களுக்கும் நடுவே உள்ள காட்டுப் பள்ளத்தாக்கை அரசு தன் பாதுகாப்பில் எடுத்தது. 2000-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. அங்கே மோட்டார் உடைசல்கள் குவிந்து கிடந்த ஓர் இடத்தை 1984-ல் தொண்டர்கள் கூடிச் சுத்தம் செய்தார்கள். பல்லால் மரத்தை அறுத்து அணை கட்டும் பீவர் என்ற பிராணி அங்கே வந்து தண்ணீரைத் தேக்கியது. இன்று அந்த இடம் அல்லி பூத்த சதுப்பு நிலம். ஆற்றுக்கு மீன் திரும்பியது. மீனைத் தின்னும் வெண்தலைக் கழுகும் திரும்பி வந்து கூடு கட்டியது.

ஒரே நாளில் இது நடக்கவில்லை. அழுக்கைக் குறைத்தார்கள், அவகாசம் கொடுத்தார்கள். மற்றதை ஆறே பார்த்துக்கொண்டது.

சுற்றுப் பாதை

இப்போது அந்தப் பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். கோயில் பிரகாரம்போல, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடும் சுற்றுப் பாதைகள் அங்கே உண்டு. ஹாஸ்கெல் ரன் பாதை ஓடையை ஒட்டி சுமார் 800 மீட்டர். சின்னப் பிள்ளையும் நடக்கலாம். லெட்ஜஸ் பாதை உயர்ந்த பாறைகளைச் சுற்றிச் சுமார் 3 கிலோமீட்டர். அந்தப் பக்கத்தில் 1930-களில் வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு மரம் நட்டார்கள். இவை தவிர, பழைய கால்வாய்க் கரையில் கோவேறு கழுதைகள் படகிழுத்த பாதையும் இருக்கிறது. மேடு பள்ளம் இல்லாததால் வயதானவர்களுக்கும் ஏற்றது.

வந்த வழியே திரும்ப வேண்டாம் என்பதால் பிள்ளைகள் சலிப்பதில்லை. உங்கள் ஊரிலும் ஏரிக்கரை, தோப்பு, வாய்க்கால் வரப்பு என்று அரைமணி நேரச் சுற்று ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்படுங்கள்.

நடக்கும்போது கவனிக்க

1. கடைசிப் பிள்ளையின் கால்தான் அளவு. அது களைத்தால் எல்லோரும் உட்காருங்கள்.

2. கைக்குழந்தையை அப்பா தூக்கட்டும். அம்மா அன்றைக்காவது கைவீசி நடக்கட்டும்.

3. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் எடுத்துப் போங்கள். தேறிய குயஹோகாவிலேயே பெருமழைக்குப் பின் சாக்கடை கலப்பதால், இறங்காதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் அல்ல.

4. ஆற்றங்கரையில் மலஜலம் கழிக்காதீர்கள். கீழே ஒரு வீட்டுப் பிள்ளை அதைத்தான் குடிக்கும்.

5. பிள்ளைக்குப் பேதியானால் உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலம் வாங்கிக் கரைத்துக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

6. புதருக்குள் போகும்போது செருப்பு அவசியம். வீடு திரும்பியதும் குளித்துத் துணி மாற்றுங்கள். பிறகு காய்ச்சல் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "புதர்ப் பக்கம் போனோம்" என்று சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் பார்த்தால் மருந்தில் குணமாகும்.

7. கர்ப்பிணிக்கு மெதுவான நடை நல்லது. இரத்தப்போக்கு, தலைசுற்றல், முகவீக்கம் இருந்தால் நடக்க வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அம்மாவின் உடம்பு

ஐயா, நடக்கும்போது உங்கள் மனைவியைக் கொஞ்சம் கவனியுங்கள். நாலு அடிக்குள் மூச்சு வாங்குகிறதா? கண்ணின் உள்ளிமை வெளுத்திருக்கிறதா? "ஒண்ணுமில்லீங்க, பழகிப் போச்சு" என்பாள். நம்பாதீர்கள். சோகையாக இருக்கலாம். இரத்தம் பரிசோதித்து, இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுங்கள்.

இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்றால் அவளுக்குத் தேற நேரம் ஏது? ஆற்றுக்கு அவகாசம் வேண்டியிருந்தது போல அவள் உடம்புக்கும் வேண்டும். ஒரு பிரசவத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டுகளாவது கழிந்து அடுத்த கர்ப்பம் தரிப்பதே தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. காப்பர்-டி, மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாம் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். உங்களுக்கு எது பொருந்தும் என்று நர்சம்மா சொல்வார். போதும் என்று முடிவு செய்த ஆண்களுக்குத் தழும்பில்லாத எளிய குடும்பநல சிகிச்சையும் உண்டு.

இதைப் பேச வீட்டில் இடமில்லையா? மாமியார் காதில் விழும் என்று கூச்சமா? அதற்குத்தான் இந்த நடை. பிள்ளைகள் முன்னே ஓடட்டும். நீங்கள் இரண்டு பேரும் பின்னால் பேசிக்கொண்டே வாருங்கள். சுற்று முடிந்து வாசலுக்கு வரும்போது ஒரு முடிவும் வந்திருக்கும்.